உணவும் மனநிம்மதியும்

நம் வியாபாரப் பெருமக்களில் பலர் விடியுமுன்னரே கடைக் கதவைத் திறந்துவிடுகின்றனர். பசியாறலுக்குப் பதிலாக டின் பால் கலந்த தேத்தண்ணீர். பகல் உணவு மூன்று மணிக்கு. இடையிடையே மீண்டும் தேத்தண்ணீர். மாலையில் வாடிக்கையாளரிடம் சலிப்பு, கடைப் பையனிடம் கோபம், வீடு திரும்பினால் பிள்ளைகளிடம் கடுஞ்சொல். இதற்கு வியாபார மந்தம் மட்டுமே காரணமன்று. வெறும் வயிறும் ஒரு காரணமாகும்.

உடலின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும், நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சீனி மிகுந்த பானம் அச்சக்தியை விரைவில் தந்து விரைவில் ஓய்ந்துவிடும். பயறும் முட்டையும் மெல்ல மெல்லத் தந்து நெடுநேரம் தாங்கும்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. கடை திறக்குமுன் பசியாறுங்கள். அவித்த கடலை, பச்சைப் பயறு, முட்டை இவற்றில் ஒன்று போதும்.

2. வாரத்தில் இரண்டு நாளேனும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீனை ஆணமாகச் சமைத்து உண்ணுங்கள். இவற்றில் நல்ல கொழுப்பும் பி12 உயிர்ச்சத்தும் உள்ளன. பி12 குறைந்தால் சோர்வும் மனத்தளர்ச்சியும் உண்டாகலாம்.

3. கீரையைத் தள்ளாதீர்கள். அதிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர, உணவோடு தேத்தண்ணீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

4. அஸருக்குப் பின் தேத்தண்ணீரையும் காப்பியையும் குறையுங்கள். அவற்றிலுள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்தும் பலருக்கு உடலில் தங்கியிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் மனமும் கெடும்.

வாழைப்பழத்திலுள்ள செரோடோனின் என்னும் பொருள் மகிழ்ச்சி தரும் என்பார் உளர். அப்பொருள் பழத்தில் இருப்பது மெய்; ஆனால் இரத்தத்திலிருந்து அது மூளைக்குள் புகாது. பழம் நல்ல உணவு, மந்திரமன்று.

2017ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில், மனச்சோர்வு நோயுற்ற 67 பேர் 12 வாரங்கள் கலந்துகொண்டனர். காய்கறி, பயறு, மீன், முழுத் தானியம் உண்ணுமாறு வழிகாட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோய் நீங்கப் பெற்றனர். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேரே அந்நிலையை அடைந்தனர். ஆராய்ச்சி சிறியதே; எனினும் கருதத்தக்கது.

துக்க வீட்டாருக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ‘தல்பீனா’ எனும் மாவுக் கஞ்சியைச் சமைத்துக் கொடுக்கச் செய்ததை புகாரி ஹதீஸ் நூலில் காண்கிறோம். அது வாற்கோதுமை மாவில் செய்வது. துயரில் ஓரளவை அது போக்கும் என்றே அங்கு சொல்லப்படுகிறது. அந்த ‘ஓரளவு’ என்ற சொல்லை நாம் மறத்தலாகாது. கடன் சுமையையும் பிரிவுத் துயரையும் ஒரு கோப்பைக் கஞ்சி தீர்த்துவிடாது. அவற்றைத் தாங்கும் தெம்பைத் தரும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் தயங்காமல் டாக்டரைக் காணுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் உணவு முறையை அவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

கடைக்கு முதல் எவ்வளவு முக்கியமோ, முதலாளிக்கும் பணியாளுக்கும் நேரத்து உணவு அவ்வளவு முக்கியம். நாளை முதல் கடைப் பையனையும் அழைத்து ஒன்றாய் அமர்ந்து பசியாறுங்கள்.