கைத்தொழிலும் கல்வியும்

பொதியமலையில் தோன்றிப் புன்னைக்காயலருகே கடலொடு கலக்கும் தாமிரபரணி, நெல்லைச் சீமைக்கு நெல்லை மட்டும் வழங்கவில்லை, தொழிலையும் வழங்கியது. காருகுறிச்சியில் மட்கலத் தொழில் செழித்தது. பத்தமடையில் கோரைப்பாய் நெசவு வளர்ந்தது. பாபநாசத்தில் ஆற்றுநீரின் வேகம் மின்னாற்றலாயிற்று.

பத்தமடைப் பாய் செய்யும் முறையை நோக்குவோம். அறுத்த கோரையைக் கீறி உலர்த்துவர். ஓடும் நீரில் பல நாள் ஊறவைப்பர். மீண்டும் உலர்த்தி மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக்கி, அவ்விழைகளை ஊடையாகச் செலுத்தி நெய்வர். கோரை எவ்வளவு ஊறவேண்டும், எத்துணை மெல்லிதாகக் கிழியவேண்டும் என்பவற்றை ஏட்டால் மட்டும் அறிதல் இயலாது. வல்லார் அருகிருந்து பழகியே அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் இத்தகைய பயிற்சி பெரும்பாலும் வீட்டிலேயே கிடைத்தது. அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. ஒருவர் பிறந்த குடியே அவர்தம் தொழிலை வரையறுத்தது. 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில், தொடக்கப்பள்ளி மாணவர் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகவேண்டும் என்றொரு திட்டம் வந்தது. இது சிறுவரைக் குலத்தொழிலிலேயே நிறுத்திவிடும் என மக்கள் எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. மக்கள் வெறுத்தது தொழிலையன்று. விருப்பம் கேளாமல் பிறப்பால் தொழிலை விதிப்பதையே வெறுத்தனர்.

தொழிலை எவரும் விரும்பிக் கற்கும் இடமே பயிற்சிக்கூடம். நடுவணரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கிற்று. நெல்லையை அடுத்த பேட்டையில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. 1978-இல் தமிழகத்தில் மேனிலைக் கல்வி தோன்றியபோது தொழிற்பிரிவும் அதனுள் இடம்பெற்றது.

பயிற்சிக்குச் செல்வோர்க்கு உயர்கல்வியின் வாயில் அடைபடும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. பத்தாம் வகுப்பின்பின் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியில் தேறியவர், பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்குப் பட்டயம் பெற்றவர், பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே சேரலாம்.

ஏட்டறிவும் கைத்திறனும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மின்கம்பி பொருத்துவோன் மின்னோட்டத்தின் விதியை அறியாவிடில் அவன் உயிருக்கே ஊறு நேரும்; விதியை மனப்பாடம் செய்தவன் கருவியைத் தொட்டறியாவிடில் ஒரு விளக்கும் எரியாது.

மாணவர்களே! உங்கள் ஆர்வம் எத்தொழிலில் செல்கிறது என்பதை இப்பொழுதே ஆராயுங்கள். பெற்றோரோடும் ஆசிரியரோடும் கலந்து தெளியுங்கள். எத்தொழிலாயினும் தேர்ந்து கொள்ளுங்கள். தேர்ந்ததைத் திருந்தக் கற்றுக்கொள்ளுங்கள்.