உயரம் குறைவு, ஏற்றம் அதிகம்

கேள்வி: இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டை ஒரு வாரம் நடந்தே சுற்றிப் பார்க்க வேண்டுமானால் எந்த ஊரில் தங்குவது, எந்த மாதம் போவது?

பதில்: இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியா பகுதியில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட். 1951-இல் தேசியப் பூங்காவானது. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறக்குறைய 2,360 சதுர கி.மீ. நடுவில் மலைத்திரள், அதிலிருந்து பள்ளத்தாக்குகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலாபுறமும் பிரிந்து போகின்றன. பனியுகத்தில் பனியாறுகள் அரித்த பள்ளங்களில் நீர் தேங்கியதால் ஏரிகள் நீண்டு ஒடுங்கியிருக்கும். மிகப் பெரியதான விண்டர்மியரின் நீளம் சுமார் 17 கி.மீ.; அகலமோ அதிகபட்சம் ஒன்றரை கி.மீ.தான்.

பயணத் திட்டத்தைத் தீர்மானிப்பது இந்த நில அமைப்பே. மேற்குப் பக்கத்து வாஸ்டேல் ஹெட்டிலிருந்து ஸ்டை ஹெட் கணவாயைத் தாண்டி போரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வைட்டுக்கு நடந்தால் சுமார் 8 கி.மீ. அதே இடத்துக்குக் காரில் போக, மலைத்திரளையே சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கார் இருந்தால் வசதி என்ற கணக்கு இங்கே பாதிதான் பலிக்கும்; கோடையில் வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிப் பாடு.

முதல்முறை போகிறவர்கள் ஒரே ஊரில் தங்கி, தினம் ஒரு திசையில் நடந்துவிட்டுத் திரும்புவது நல்லது. ஆம்பிள்சைட், கெஸ்விக் இரண்டும் அதற்கேற்ற ஊர்கள். இரண்டையும் கிராஸ்மியர் வழியாக 555 எண் பேருந்து இணைக்கிறது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் கெஸ்விக். டெர்வெண்ட்வாட்டர் ஏரி ஊரை ஒட்டியே இருக்கிறது; ஏரியைச் சுற்றிவரும் படகு பல துறைகளில் நிற்பதால், பாதி தூரம் நடந்து மீதியைப் படகில் முடிக்கலாம். லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் பென்ரித் வந்து, அங்கிருந்து பேருந்தில் கெஸ்விக் சேரலாம். ஆம்பிள்சைட் போகிறவர்கள் ஆக்ஸன்ஹோமில் மாறி விண்டர்மியரில் இறங்க வேண்டும். 1847-இல் திறந்த இந்தக் கிளைப் பாதையைத் திட்ட நிலையிலேயே கடுமையாக எதிர்த்தவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். கூட்டம் வருமென்று பயந்த அவரே இப்பகுதிக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாதம் என்றால் மே, ஜூன். மழை ஒப்பளவில் குறைவு. ஜூனில் பகல் ஏறக்குறைய 17 மணி நேரம் நீள்கிறது. ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக் காலம். அறை கிடைப்பது கடினம். செப்டம்பர் கடைசியில் சரிவுகளிலுள்ள பெரணிச் செடிகள் துருநிறம் கொள்ளும். பார்க்க அதுவே அழகான காலம், ஆனால் மழையும் கூடத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: 1,000 மீட்டரைக்கூடத் தொடாத மலைகள்தானே? ஏறிப் பழக்கமில்லாதவர்களும் ஏறலாமா?

பதில்: இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். ஆனால் ஏற்றம் தொடங்குவது கடல்மட்டத்துக்குச் சற்று மேலே. சீத்வைட்டிலிருந்து போய்த் திரும்ப சுமார் 15 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி நாலரை மணி. இதில் இளைப்பாறல் சேரவில்லை. உச்சியை ஒட்டிய பாறைக் குவியல்களில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்கும் நேரமும் சேரவில்லை. புதியவர்கள் ஏழு மணி நேரம் ஒதுக்குவதே சரி.

அதற்கு முன் 451 மீட்டர் கேட்பெல்ஸில் பழகலாம். கெஸ்விக்கிலிருந்து படகில் ஹாஸ் எண்ட் துறை, அங்கிருந்து முகட்டின் மேல் ஏற்றம், மறுபக்கம் இறங்கி ஏரிக்கரையோடு திரும்பினால் அரை நாள். உச்சிக்குக் கீழே கையூன்றி ஏறும் இடங்கள் உண்டு. கல் வழவழவென்று தேய்ந்திருப்பதால் மழையில் வழுக்கும். 950 மீட்டர் ஹெல்வெலினுக்குப் போகும் ஸ்ட்ரைடிங் எட்ஜ் இருபுறமும் சரியும் கத்திமுனைப் பாறை முகடு. அது புதியவர்களுக்கு உரியதல்ல. உறைபனிக் காலத்தில் பனிக்கோடாரியும் காலில் முள்தகடும் இல்லாமல் எவருக்கும் உரியதல்ல.

உயரத்தைவிடக் கஷ்டப்படுத்துவது மழை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று இந்த மலைகளில் மோதுகிறது. சீத்வைட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, பதினைந்து கி.மீ.க்குள் இருக்கும் கெஸ்விக்கில் ஏறக்குறைய அதில் பாதிதான். 2015 டிசம்பர் 5-ஆம் தேதி ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. கொட்டியது. ஊரில் வெயிலடிக்கும்போதே உச்சியில் மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் வழி தெரியாமல் போகலாம். கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. 1:25,000 அளவு ஆர்டினன்ஸ் சர்வே வரைபடம், திசைகாட்டி, டார்ச், விசில், நீர்புகாத மேலங்கியும் கால்சட்டையும் பையில் இருக்க வேண்டும். ஜீன்ஸ் ஆகாது, நனைந்தால் கனத்து, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊத வேண்டும். சிக்னல் கிடைத்தால் 999-ஐ அழைத்துப் போலீஸையும் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். மீட்புக்கு வருகிறவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: வழியெல்லாம் தனியார் பண்ணைகளாமே. நுழைந்தால் தகராறு வராதா?

பதில்: பொதுப் பாதைகள் பண்ணைகளுக்கு ஊடாகவே போகின்றன, அவற்றில் நடப்பது சட்டப்படி உரிமை. வரைபடத்தில் அவை பச்சைக் கோடுகளாக இருக்கும். வெளிர் மஞ்சள் பூசிய பகுதிகள் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மலைவெளி. அங்கே பாதையை விட்டும் நடக்கலாம். கூடாரம் அடிப்பதற்கு மட்டும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களின் மேல் ஏறக்கூடாது. ஒரு கல் பெயர்ந்தால் பக்கத்துக் கற்களும் சரியும். தாண்டுவதற்கு என்றே படிகளும் கேட்டுகளும் இருக்கின்றன. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போவது வழக்கம். மேலே மேய்பவை பெரும்பாலும் ஹெர்ட்விக் செம்மறிகள். குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர உடல் சாம்பல் நிறமாகும். வேலியில்லா மலையில் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயோடு திரிந்தே பழகிக்கொள்ளும் இந்த மந்தைகளை விரட்டிக் கலைத்தால், திரும்பச் சேர்ப்பது மேய்ப்பருக்குப் பெரும்பாடு. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மலைவெளியில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்தே கூட்டிப்போக வேண்டும். கால்நடைகளுக்கு அருகே அந்த விதி ஆண்டு முழுவதும் பொருந்தும்.