தாத்தாவின் கித்தான் மேலங்கி

ஐப்பசி மாத விடியலில் கோலார் தங்கவயல் குளிர்ந்து கிடக்கும். அந்த இருளிலேயே மிதிவண்டிகள் மாரிக்குப்பம் தொடர்வண்டி நிலையத்தை நோக்கி விரையும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.

அவர்களுள் ஒருவர் ஆறாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமியின் தந்தை. நெகிழி மழையங்கி கிழிந்துபோனதால் இரண்டு நாள்களாக அவர் நனைந்தபடியே வண்டி ஏறினார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது.

அன்று தாத்தா தம் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, மேலங்கி ஒன்றை வெளியே எடுத்தார். அதை மடிக்க முடியவில்லை. சுவரில் சாய்த்தால் ஆள்போல் நின்றது!

"இது என்ன தாத்தா, பலகையா?" என்று சிறுமி நகைத்தாள்.

"கித்தான், அம்மா. ராபர்ட்சன்பேட்டைத் தையற்காரர் லாரித் தார்ப்பாயில் தைத்துத் தந்தது. சாம்பியன் ரீஃபில் சுரங்க வாயிலில் நின்று, ஆள்களைக் கூண்டில் ஏற்றி இறக்கிய காலத்தில், மழை முழுவதையும் இதுதான் தாங்கியது."

தாத்தாவின் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள். ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், அவர்களைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது. தாத்தாவும் இளமையில் ஆழத்தில் பாறை துளைத்தவர். அந்தத் தூசி அவர் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. நாலடி நடந்தாலே மூச்சிளைக்கும்.

"வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்தால் இளகிவிடும்" என்றாள் ஆயா. தாத்தா பதறி, "வேண்டாம்! மெழுகு போய்விட்டால் இது வெறும் துணி" என்று தடுத்தார்.

அவர் சொன்னது உண்மை. பருத்திக் கித்தானின் இழைகளுக்கிடையே மெழுகு புகுந்து நிற்பதால்தான் நீர் உள்ளே நுழைவதில்லை. குளிரில் அம்மெழுகு இறுகும், துணியும் விறைக்கும். வெப்பம் பட்டால் இரண்டும் இளகும். சோப்பும் வெந்நீரும் சேர்ந்தால் மெழுகே கழன்றுவிடும். முற்காலத்தில் கப்பல் துணிகளுக்குத் தார் பூசினர். பின்னர் மெழுகு வந்தது. பெயரில் மட்டும் தார் ஒட்டிக்கொண்டது. தமிழில் அது பாயோடும் உறவு கொண்டு 'தார்ப்பாய்' ஆயிற்று.

விறைத்த மழைத்துணி எல்லாம் மெழுகுத்துணி அன்று. ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைத்த துணி முதுமையில் வெடிக்கும்; அதை வெயில் இளக்காது. ரப்பர் பூசியது வெப்பத்தில் பிசுபிசுக்கும். ஆகவே தாத்தா முதலில் நகத்தால் கீறிப் பார்த்தார். வெள்ளைக் கோடு விழுந்தது. சிறுமி உள்ளங்கையால் தேய்த்ததும் கோடு மறைந்தது.

"மெழுகு உயிரோடு இருக்கிறது!" என்றார் தாத்தா.

தூரிகையால் புழுதி தட்டி, குளிர்ந்த நீரில் பிழிந்த துணியால் துடைத்து, மேலங்கியை நிழலில் உலர்த்தினர். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. முற்றத்துக் கருங்கல் சூடேறியதும் அதன்மேல் விரித்தனர். இனிக் கை வேலை. தாத்தாவின் விரல்களில் வலுவில்லை. எனவே அவர் சொல்லச் சொல்லச் சிறுமி செய்தாள். கையைப் பாய்போல் சுருட்டினாள், விரித்தாள், எதிர்ப்புறமாகச் சுருட்டினாள். கழுத்துப்பட்டையைச் சப்பாத்தி மாவைப்போல் பிசைந்தாள். மடிப்பில் இறுகியிருந்த இடங்களை ஒரேயடியாக முறிக்காமல், சூடேறும்வரை காத்திருந்து சிறிது சிறிதாக வளைத்தாள். கித்தான் முறிந்தால் அந்தக் கோட்டின் வழியேதான் நீர் இறங்கும்.

நண்பகலுக்குள் அவள் விரல்கள் சிவந்துவிட்டன. முழங்கை மடியும் இடம் மட்டும் இணங்கவில்லை.

"அதை அப்பாவின் உடம்புச் சூடு பார்த்துக்கொள்ளும். நாலு நாள் போட்டால் அவர் கைக்கு ஏற்ப வளைந்துவிடும்" என்றார் தாத்தா.

தையல்களில் மெழுகு தேய்ந்திருந்தது. தேன்மெழுகுக் கட்டி ஒன்றைக் கிண்ணத்திலிட்டு, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து ஆயா உருக்கினாள். மெழுகு தீப்பற்றக்கூடியது, நேரே அடுப்பில் வைக்கலாகாது. உருகியதைத் துணியில் தொட்டுத் தையல்மேல் தேய்த்தனர்.

செவ்வாய்க்கிழமை விடியலில் தூறல். தந்தை மேலங்கியை அணிந்து மிதிவண்டியில் ஏறினார். முழங்கை முதலில் முரண்டியது, பின் வளைந்தது. இரவில் அவர் திரும்பியபோது இடத்தோளில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவு ஈரம்.

"அந்தத் தையலை விட்டுவிட்டேன்" என்று கூறிய சிறுமி, மீதமிருந்த மெழுகைத் தேடிச் சென்றாள்.

சொற்பொருள்
கித்தான் – முறுக்கிய நூலால் நெய்த கெட்டித் துணி
ஆயா – பாட்டி (வட ஆர்க்காட்டு வழக்கு)
முரண்டுதல் – இணங்க மறுத்தல்

விடையளிக்க
1. மேலங்கியை வெந்நீரில் ஊறவைக்கத் தாத்தா ஏன் மறுத்தார்?
2. நகத்தால் கீறியதில் தாத்தா எதை அறிந்தார்?
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.