எல் மொசோட்டேயின் சாட்சி

ஒரேயொரு பெண்ணின் சொல்லை நம்பலாமா? மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில் இக்கேள்விக்கு விடை கிடைக்கப் பத்து ஆண்டுகள் சென்றன.

1981 டிசம்பரில், கெரில்லாக்களைத் தேடிவந்த அரச படையின் அட்லகட்ல் பிரிவு, எல் மொசோட்டே என்னும் மலைக்கிராமத்து மக்களை ஆண்கள், பெண்கள், சிறுவர் எனப் பிரித்து வைத்துக் கொன்றது. அங்கும் அயற் கிராமங்களிலும் மாண்டோர் ஏறக்குறைய ஆயிரம் பேர். ருபீனா அமாயா என்ற தாய், கொலைக்களம் நோக்கி நடத்தப்பட்ட பெண்களிடையே இருந்து நழுவி, செடிமறைவில் பதுங்கித் தப்பினார். கணவர் கொல்லப்பட்டதை அவர் கண்டிருந்தார். நான்கு பிள்ளைகளையும் இழந்தார். கடைக்குட்டிக்கு எட்டு மாதம்.

பிள்ளைகள் இறந்ததை அவர் காணவில்லை; தம்மை அழைத்துக் கதறிய குரல்களையே கேட்டார். அப்படியே சொன்னார். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துரைப்பவரே நல்ல சாட்சி. சாட்சியங்களை வாசிக்கையில் முதலில் இதைத் தேடுங்கள்.

1982 ஜனவரி 27ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் இரு பெரும் நாளேடுகள் அவர் கூறியதை வெளியிட்டன. அப்படைப்பிரிவுக்குப் பயிற்சி அளித்த அந்நாட்டு அரசோ, படுகொலையை உறுதிப்படுத்தச் சான்றில்லை என்றது. (சான்று மண்ணுக்குள் கிடந்தது. தோண்ட எவரும் முன்வரவில்லை.) ருபீனா ஹொண்டுராஸில் அகதியானார். கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அதே விபரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளை இழந்த தாய்க்கு அது எத்தகைய வேதனை!

1990இல், உயிர்தப்பிய ஒருவர் சான் சல்வடோர் மறைமாவட்டச் சட்ட உதவி அலுவலகத்தின் துணையுடன் நீதிமன்றத்தில் முறையிட்டார். ருபீனாவும் சாட்சியமளித்தார். 1992இல் ஆர்ஜென்ரீன நிபுணர்கள் தோண்டினார்கள். கோவிலை அடுத்த சிறு வீட்டில் மட்டும் 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் 131 பேர் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர். அங்கு பொறுக்கிய ரவைக்கோதுகளிற் பல ஐக்கிய அமெரிக்காவில் செய்யப்பட்டவை.

1993இல் ஐ.நா. உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை வெளியாகி ஐந்து நாட்களுக்குள் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறி, வழக்கு முடங்கியது. அச்சட்டம் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016இல். வழக்கு மீளத் திறக்கப்பட்டது. ருபீனா 2007இலேயே காலமாகிவிட்டார்.