மாத்திரைக்கு முன்னால் நடை

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ முடிந்துவிட்டன. மறுபடி வராமலிருக்க மஞ்சள் மாத்திரை, வைட்டமின் டி கொடுக்கலாமா?

பதில்: முதலில் அப்பாவை நடக்க வையுங்கள். 2025இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில் கீமோ முடித்த 889 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதியினருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி, மற்றவர்களுக்குக் கையேடு மட்டும். ஐந்தாண்டு கழித்துப் புற்றுநோய் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், அடுத்ததில் 74. எந்தச் சத்து மாத்திரைக்கும் இப்படிப் பலன் நிரூபிக்கப்பட்டதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். டாக்டரைக் கேட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். நீங்களும் கூடவே போங்கள்.

வைட்டமின் டி ரத்தத்தில் குறைந்திருந்தால் மட்டும். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மாத்திரையாக வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. நீங்கள் கேட்காத இன்னொரு மாத்திரை ஆஸ்பிரின். அது, கட்டியில் ‘பிக்3சிஏ’ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. அந்த மாற்றத்தைக் கண்டறியும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியலாம். நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையையும் ஓராண்டில் வரும் கொலோனோஸ்கோபியையும் தள்ளிப்போடவே கூடாது.