பஞ்சமத்தின் இருபுறமும்

சிவகாசி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. காலண்டர் வேலை முடிந்து மிஷின் நின்ற பிறகுதான் உட்கார முடிந்தது. சர்ச்சில் அந்த ஒரு கார்டு வரும் இடத்தில் டெனார் பையன்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்டாயே, அந்தக் கேள்வி ஒரு வாரமாக விடவில்லை.

அந்தக் கார்டு இதுதான்: ஒரு கட்டை சுருதியில் ஏ ஃப்ளாட், சி, ஈ ஃப்ளாட், அதன் மேல் ஒரு கறுப்புக் கட்டை. செல்போன் செயலி 'ஏ ஃப்ளாட் செவன்' என்றது. நீயும் டெனார் தாளில் ஜி ஃப்ளாட் என்று எழுதிவிட்டாய். செயலி கட்டையைத்தான் பார்க்கும், சுரத்தைப் பார்க்காது! ஜி ஃப்ளாட் எஃப்புக்கு இறங்கப் பார்க்கும். எஃப் ஷார்ப் ஜிக்கு ஏறப் பார்க்கும். உன் பாட்டு அடுத்துப் போவது ஜி மேஜருக்கு. ஆகவே அந்தக் கறுப்புக் கட்டை எஃப் ஷார்ப், கார்டு ஆக்மென்டட் சிக்ஸ்த், அதில் 'ஜெர்மன்' வகை. ஈ ஃப்ளாட்டை எடுத்தால் 'இத்தாலியன்'. அந்த இடத்தில் டி வைத்தால் 'பிரெஞ்சு'. பெயரில் நாட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதே.

இதே கார்டைச் சிம்மேந்திரமத்தியம ராகத்தில் பாடிப் பார். சுத்த தைவதம், சட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம்: நாலும் அந்த 57ஆவது மேளத்தின் சொந்தச் சுரங்கள். பிரெஞ்சுக்கு வேண்டிய ரிஷபமும் உண்டு. பஞ்சமத்தை மேலிருந்து தைவதமும் கீழிருந்து மத்தியமமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரதி மத்தியமத்தில் சற்று நின்றால் போதும், தொண்டை தானாகப் பஞ்சமத்தைத் தேடும். சட்ஜம் காகலி நிஷாதத்துக்கும் காந்தாரம் ரிஷபத்துக்கும் இறங்கினால் ப, நி, ரி. அதுதான் உன் ஜி மேஜர். மைனர் ஸ்கேலில் எஃப் ஷார்ப் வெளியாள் என்பதால் மேற்கத்தியப் பாடநூலில் இது 'ஆல்டர்டு' கார்டு. இந்த மேளத்தில் திரிபே இல்லை. ராகத்துக்குள் கார்டே கிடையாது என்று அடித்துச் சொல்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். ஆனால் கச்சேரியில் பாடும்போது இதைப் பின்னால் போடாதே. காந்தாரத்தின் அசைவு செத்துவிடும்.

ஒரே கட்டைக்கு இரண்டு பெயர் நமக்குப் புதிதா? 12 இடத்துக்கு 16 பெயர் வைத்திருக்கிறோம். ஈ ஃப்ளாட் கட்டையே வாகதீஸ்வரியில் ஷட்ஸ்ருதி ரிஷபம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967இல் 'பர்பிள் ஹேஸ்' பாட்டில் வாசித்த 'செவன் ஷார்ப் நைன்' கார்டின் ஐந்து சுரமும் அந்த ராகத்தில் அடங்கும்.

சுரத்தைச் சரியாக எழுதப் பட்ட பாட்டுக்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு: கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அங்கேதான் அச்சானது. 57ஆவது மேளத்துக்கு அதில் சுமத்யுதி என்று பெயர். கமகத்துக்கெல்லாம் தனித்தனிக் குறிகள்! அச்சுக் கோத்தவரை நினைத்தால் மாமாவுக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும். அதற்கு முன்பே, 1893இல், கிறிஸ்தவரான சின்னசாமி முதலியார் நம் கிருதிகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் வெளியிட்டார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஷார்ப்பா ஃப்ளாட்டா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். நீ செயலியிடம் கேட்கிறாய்.

இன்னொன்று. தைவதமும் காந்தாரமும் சேர்ந்தே இறங்கினால் இணை ஐந்துகள் கேட்கும். நடுவில் சி மைனரை, அடியில் ஜி வைத்து, நுழைத்துவிடு. டெனார் தாளில் ஜி ஃப்ளாட்டை அடித்து எஃப் ஷார்ப் என்று எழுது. சனிக்கிழமை ஒத்திகைக்கு மாமா வருகிறேன்.

அன்புடன்,
மாமா