அகாடமி போதாதா, கோச்?

அகாடமி நடத்தினால் காசு வரும், கிளப் நடத்தினால் காசு போகும். அமீரகத்தில் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் கோச்சுகள் கிளப் தொடங்குகிறார்கள். நான் தூத்தூர் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவன். ஷார்ஜாவில் சிறுவர்களுக்கு மாலைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்து, பிறகு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னக் கிளப்பைப் பதிவு செய்து கடைசி டிவிஷனில் இறக்கியவன். "அகாடமி போதாதா கோச், எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை.

அகாடமியில் பெற்றோர்தான் வாடிக்கையாளர். டெர்முக்கு இவ்வளவு திர்ஹம், அதன்மேல் 5 சதவீதம் வாட். பணம் கட்டியவரின் பிள்ளையை வெளியே உட்காரவைத்தால் அன்றிரவே வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: "கோச் சார், தம்பியை ஏன் இறக்கல?" நியாயமான கேள்விதான். காசு வாங்கியவன் ஆட்ட நேரத்தை எல்லாருக்கும் பங்கு வைக்கத்தான் வேண்டும். பத்து வயதில் அது நல்லதும்கூட. பதினாறு வயதில் அதுவே கெடுதல். திறமை உள்ளவனுக்கு ஆட்டம் போதாது, இல்லாதவனுக்கு உண்மை தெரியாது. என் கிளப்பின் சீனியர் அணியில் யாரும் ஃபீஸ் கட்டுவதில்லை. அதனால் யாரை இறக்குவது என்பதை நான் முடிவு செய்கிறேன். கோச் ஒருவர் கிளப் தொடங்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது. கோப்பை ஆசையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இங்கே பெரிய கிளப்புகள் எல்லாம் ஆட்சியாளர் குடும்பங்களின் ஆதரவில் வளர்ந்தவை. துபாயின் அல் நஸ்ர் 1945இல் பிறந்தது, நாடு பிறப்பதற்கும் முன்பே. லீக் தொழில்முறை ஆனது 2008இல். வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாசல் நெடுங்காலம் திறக்கவே இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடலாம் என்ற விதி வந்ததும், 2019 வாக்கில் இரண்டாம் டிவிஷன் வழியாகத் தனியார் கிளப்புகள் உள்ளே வந்ததும்தான் நிலைமையை மாற்றின. துபாயின் கல்ஃப் யுனைடெட் அப்படி உள்ளே வந்து முதல் டிவிஷன் வரை ஏறியது. ரியல் மாட்ரிட்டில் ஆடிய மிச்செல் சல்காடோ துபாயில் முதலில் பயிற்சிப் பள்ளிதான் நடத்தினார், பிறகு ஃபுர்சான் ஹிஸ்பானியா என்ற கிளப்பைத் தொடங்கினார். 2025இல் இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோவே துபாய் யுனைடெட் என்ற தனியார் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தார். ஆனால் அந்தப் பெயர்களைப் பார்த்து யாரும் கணக்குப் போட வேண்டாம். அவர்களுடைய செலவு வேறு, நம்முடையது வேறு.

கத்தாரில் தஹ்சின் ஜம்ஷித் என்ற கண்ணூர்க் குடும்பத்துப் பையன் ஆஸ்பயர் அகாடமியில் வளர்ந்து, அல் துஹைலில் ஆடி, 2024 ஜூனில் கத்தார் தேசிய அணிக்கே அழைக்கப்பட்டான். வளைகுடா இந்தியக் குடும்பங்களில் அன்று அதைப் பற்றிப் பேசாத வீடு இருந்திருக்காது. ஆஸ்பயர் அரசு கட்டியது. ஷார்ஜாவில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் இருக்கிற தமிழ்ப் பையனுக்கு வார இறுதியில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான் இருக்கிறது. மலையாளி நண்பர்கள் நடத்தும் அந்தப் போட்டிகள் பிரமாதம். கூட்டம், கொட்டு, ஊரிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரர்கள் என்று அமர்க்களப்படும். நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் அங்கே எத்தனை கோல் போட்டாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பதிவு என்றால் என்ன என்று பெற்றோருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ஃபிஃபா விதிப்படி ஒரு வீரரை நாடு விட்டு நாடு விற்கும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். 10 லட்சம் யூரோவுக்கு விற்றால் 50,000 யூரோ. அதில் 12 முதல் 15 வயது வரை நான்கு சீசன் வளர்த்த கிளப்பின் பங்கு 10,000 யூரோ. கால்பந்துக் கூட்டமைப்பில் பதிவான கிளப்பாக இருந்தால்தான் இந்தப் பங்கு கிடைக்கும். வெறும் அகாடமிக்கு ஒரு சல்லி வராது. இந்தப் பணத்தை நம்பி யாரும் கிளப் தொடங்கக் கூடாது, விலைபோகிற பையன் எப்போதாவது ஒருவன்தான் வருவான். ஆனாலும் நாம் வளர்த்தோம் என்பதற்குக் காகிதத்தில் சாட்சி இருக்க வேண்டாமா?

காகிதம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டுக்குக் கீழே உள்ள வெளிநாட்டுப் பிள்ளையை முதன்முதலாகப் பதிவு செய்வது எளிதல்ல. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்தவன் என்று காட்ட முடிந்தால் வேலை பாதி குறையும். ஆகவே பழைய விசாப் பக்கங்கள், பள்ளிச் சான்றுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இதற்கென்றே நான் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஃபைல் போட்டு வைக்கிறேன்.

முன்பெல்லாம் பதினெட்டு தாண்டிய மகனின் விசா பெரிய தலைவலி. 2022 அக்டோபர் முதல் திருமணமாகாத மகனைப் பெற்றோர் 25 வயது வரை ஸ்பான்சர் செய்யலாம். கால்பந்துக்கு இது பெரிய வரம் என்று நினைத்தேன். நடைமுறையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பையன் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ இன்ஜினியரிங் போய்விடுகிறான். அதைத் தடுக்கிற உரிமை கோச்சுக்குக் கிடையாது. அதனால் சீனியர் அணியின் முதுகெலும்பாக வேலைக்கு வந்த இளைஞர்களையே வைக்கிறேன். கிடங்கில் வேலை செய்கிறவர், ஹைப்பர்மார்க்கெட்டில் நிற்கிறவர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வந்து ஓடுவார்கள், மறுநாளும் வருவார்கள். அவர்களுக்கு இடையில் இரண்டு மூன்று பதினேழு வயதுப் பையன்களை நுழைத்தால் ஒரு சீசனில் ஆளே மாறிவிடுகிறார்கள். பெரியவர்களின் தோள் இடி வாங்குவது வேறு படிப்பு.

ஏறுவதற்குப் படி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊரிலேயே உதாரணம் உண்டு. கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் சுனாமியில் பாதிக்கப்பட்ட பெண் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த அணி இந்திய மகளிர் லீக் வரை போனது. அந்தப் பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லை. இங்கே பூட்ஸ் இருக்கிறது, விளக்கு போட்ட டர்ஃப் இருக்கிறது, அடுத்த படிதான் இல்லை.

பண விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அகாடமிக் கணக்கும் கிளப் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் இருக்கவே கூடாது. பத்து வயதுப் பிள்ளையின் ஃபீஸை எடுத்து சீனியர் அணிக்கு வெளிநாட்டு ஆட்டக்காரரை இறக்குவது அயோக்கியத்தனம். ஆண்டுத் தொடக்கத்திலேயே அகாடமியிலிருந்து கிளப்புக்கு இவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டு, கணக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும், வரவு நின்றுபோகும். அதற்கு மார்ச்சிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். ரமலானில் பயிற்சி தராவீஹ் தொழுகைக்குப் பிறகுதான், மைதான வாடகை நேரமும் அதற்கேற்ப மாறும். 2022 ஜனவரியில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியபோது ஷார்ஜா வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் விட்டது. எங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை காலைதான் உயிர். துபாயில் வேலை பார்க்கிற அப்பாக்கள்தான் பாவம், பிள்ளையைக் கொண்டுவர ஆள் தேடுவார்கள்.

கிளப் தொடங்கும் எண்ணத்தில் இருக்கிற கோச்சுகளுக்குச் சொல்வது, முதல் சீசனில் ஒரே ஒரு அணியைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த டெர்ம் ஃபீஸ் கட்டும் முன், உங்கள் பிள்ளையின் பெயர் கால்பந்துக் கூட்டமைப்பில் எந்தக் கிளப்பின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.